சீரகச் சம்பாவுக்கு ஓர் அடையாள அணிவகுப்பு

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஓர் அடையாள அணிவகுப்பு நடந்தது.

போலீஸ் சமாசாரம்தான். ஆட்களை வரிசையாக நிறுத்தி வைத்து, 'இதில் யார் என்று காட்டு' என்று சாட்சியைக் கேட்பார்களே... அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே நிறுத்தப்பட்டவை இரண்டு தட்டு வெறும் சோறு. சாட்சி, மேலப்பாளையத்திலிருந்து வந்த பிரியாணி மாஸ்டர். கண்ணால் பார்க்கக் கூடாது. வாயில் போடக் கூடாது. மூக்கால் மட்டும் அடையாளம் காட்ட வேண்டும்.

தட்டுகளை வாழை இலையால் மூடி, நம்பர் ஒட்டி, பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர் என் வீட்டுக்காரர்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அவரைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன் — ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர். ரிட்டயர் ஆனது வேலைதான், இன்ஸ்பெக்டர் இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் வீடு கட்டி, கேட்டில் பெயர்ப்பலகை மாட்டி, நிம்மதியாக உட்காரலாம் என்று நான் நினைத்தேன். அவரோ, காலையில் பால் பாக்கெட் வராவிட்டால் காம்பவுண்டுக்குள் காலடித் தடம் தேடுகிறார். கொடியில் போட்ட துண்டு காணாமல் போனால் என்னைத்தான் முதலில் விசாரிக்கிறார்.

சரி, சோற்றுக்கு எதற்கு அணிவகுப்பு? கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வடகரையில் இவருக்கும் இவருடைய அண்ணனுக்கும் சேர்ந்தாற்போல ஒரு வயல் இருக்கிறது. அண்ணனை நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். நடுவில் ஒரே ஒரு வரப்பு, ஆளுக்குப் பாதி. இவர் ஊர் ஊராகத் திருடனைத் துரத்திக்கொண்டிருந்த வரைக்கும், இரண்டு பாதியையும் பெரியத்தான்தான் பார்த்துக்கொண்டார். யூரியா, டி.ஏ.பி., பூச்சிக்கு ஒரு மருந்து, அந்த மருந்துக்குப் பழகிய பூச்சிக்கு இன்னொரு மருந்து... விளைச்சலில் குறை சொல்ல முடியாது.

ரிட்டயர் ஆனதும் இவர் வயலுக்குப் போனார். ஒரு கட்டி மண்ணை எடுத்துக் கையில் வைத்து நசுக்கினார். நசுங்கவில்லை. வரப்புக் கல்லில் தட்டினார். உடையவில்லை. மண்வெட்டியால் ஓர் இடத்தில் வெட்டிப் புரட்டினார். உள்ளே ஒரு புழு, பூச்சி, வேர் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மொசைக் தரையில் நிற்பதுபோல் மேலேயே நிற்குமாம்.

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய ஸ்டேஷன் களை வந்திருந்தது.

"ஏட்டி, இது இயற்கைச் சாவு இல்ல. கொலை."

அன்றைக்குத் தொடங்கியது விசாரணை. மண்ணைப் பொட்டலம் கட்டி மண் பரிசோதனைக்கு அனுப்பினார். 'கரிமச்சத்து மிகக் குறைவு' என்று பதில் வந்தது. அதை அவர் போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் என்றுதான் சொல்வார், இன்று வரை. மண்ணுக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்குச் சாப்பாடே தொழு உரமும் இலை தழையும்தானாம். அதைப் போடாமல் ரசாயன உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்தால் பயிர் வேண்டுமானால் வளரும், மண் பட்டினி கிடக்கும். இதை அவர் எங்கே படித்தார், யாரிடம் கேட்டார் என்று தெரியாது. சோர்ஸை வெளியே சொல்லக் கூடாது என்பது அவருடைய துறையின் பழக்கம்.

தன் பாதியில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்தார். பூக்கிற நேரத்தில், பச்சைப் பசேலென்று நிற்கிற பயிரை அப்படியே மடக்கி உழுதார். பெரியத்தான் வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு தொழு உரம், மண்புழு உரம், பஞ்சகவ்யம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் மீன் அமிலம் வந்தது.

மீன் அமிலம் என்றால் என்ன? மீன் மார்க்கெட்டில் வெட்டிப் போடும் குடல், தலை, செதில் இவற்றோடு நாட்டுச் சர்க்கரையைக் கலந்து பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைப்பது. அது நொதித்த பிறகு தண்ணீரில் கலந்து தெளித்தால் பயிர் துள்ளிக்கொண்டு வருமாம். டிரம்மை எங்கே வைத்தார்? என் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே.

"வயல்ல வச்சா யாராவது தூக்கிட்டுப் போயிருவான்" என்றார்.

அதைத் தூக்கிக்கொண்டு போகிற திருடன் ஒருவன் இருந்தால், அவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நானே கேட்டைத் திறந்து விட்டிருப்பேன். அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது. 'சரியா நொதிச்சா பழ வாசம் வரும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்தப் பழம் என்று மட்டும் சொல்லவில்லை.

முதல் போகத்தில் விளைச்சல் விழுந்தது. பெரியத்தான் சிரித்தார். இவர் அசையவில்லை. தினமும் மண்வெட்டியால் ஒரு பிடி புரட்டி மண்புழு தேடுவார். ஒருநாள் கிடைத்தது. போன் பண்ணினார் — "ஏட்டி, இன்ஃபார்மர் வந்துட்டான்!" உயிருள்ள மண்ணில்தான் புழு இருக்கும், அதனால் புழுதான் அவருக்கு உளவாளி. அதற்கப்புறம் உளவாளிகள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மண் கறுத்தது. காலை வைத்தால் லேசாக உள்ளே அமுங்கியது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கியது. நானே போய் மிதித்துப் பார்த்தேன். மிதிக்கவே பாவமாக இருந்தது.

போன பிசானப் பருவத்தில் அண்ணன், தம்பி இருவரும் சீரகச் சம்பா நட்டார்கள். அதே விதை, அதே கால்வாய்த் தண்ணீர், உரம் மட்டும் வேறு. பெரியத்தான் பாதியில் பயிர் கரும்பச்சையாக, தளதளவென்று நின்றது. இவருடையது கொஞ்சம் ஒல்லி. ஆனால் கதிர் பூத்த ஒரு காலை நேரம் நான் அந்த வரப்பில் நின்றேன். காற்று இவருடைய பாதியைத் தடவிக்கொண்டு வந்தது. அடுப்பில் சோறு வெந்து முடிகிற நேரத்து வாசம்... அடுப்பே இல்லாமல், வயல் முழுக்க! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜன்னலுக்குக் கீழே மாதக்கணக்கில் நான் சகித்த நாற்றம் இப்படியா திரும்பி வரும்?

"யூரியா போட்டா பயிர் அவசரமா வளருது. வாசத்தச் சேக்கதுக்கு அதுக்கு ஏது நேரம்?" என்றார் இவர். சரியோ தப்போ, அந்தக் காலையில் நான் நம்பினேன்.

அறுத்த நெல்லைப் பெரியத்தான் தார் ரோட்டில் சுள்ளென்ற வெயிலில் காயப் போட்டார். இவர் தென்னை நிழலில் தார்ப்பாய் விரித்துப் பதமாக உலர்த்தினார். வெயிலில் வாசம் ஓடிவிடுமாம். பிரியாணிக்குப் பழைய அரிசிதான் வேண்டும் என்பதால், இரண்டு பேர் நெல்லும் மூட்டையாகி, வயலோரத்து ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் தூங்கின.

இங்கேதான் சிக்கல். பெரியத்தானுக்கு ஒரு புரோமோட்டர் வலை வீசினார். வயலைப் பிளாட் போட வேண்டும், மலை தெரிகிற வியூ, சாரல் அடிக்கும், நகரின் பெயர்கூட ரெடி. ஆனால் முழு வயலும் வேண்டும், பாதி வேண்டாம். இவர் முடியாது என்றார். பெரியத்தான் எங்கள் ஹாலில் உட்கார்ந்து நேராகக் கேட்டார்.

"ஏலே தம்பி, வாசம் வாசம்னு சொல்லுத. அத மூட்டையில கட்டி விக்க முடியுமா? ஒனக்கும் எனக்கும் ஒரே நெல்லுதான். வெளி ஆளு ஒருத்தன் மோந்து பாத்து ஒன் அரிசிதான் ஒசத்தின்னு சொல்லட்டும், நான் பிளாட் பேச்சையே விட்டுருதேன். இல்லன்னா நீ கையெழுத்துப் போடணும்."

"சரி" என்றார் இவர். யோசிக்கவே இல்லை. அண்ணன் வாசல் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "அந்தப் புரோமோட்டர் வருதப்போ யானை விஷயத்த மட்டும் எடுத்துராதே" என்று சொல்லிவிட்டுப் போனார். வடகரைப் பக்கம் மலையிலிருந்து அவ்வப்போது யானை இறங்கும். வியூ பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்வதில்லை.

வெளி ஆள் யார் என்பதில் தகராறு இல்லை. அடுத்த தெரு காதர் பாய் மூலமாக ஆள் கிடைத்தார். காதர் பாய் ஷார்ஜாவில் பல வருஷம் இருந்து திரும்பியவர். அடுத்த மாதம் அவர் மகள் கல்யாணம். பிரியாணிக்கு மேலப்பாளையத்து மாஸ்டரைப் பேசியிருந்தார். அந்த மாஸ்டர் அரிசியைத் தன் மூக்கால் பாஸ் பண்ணினால்தான் அண்டாவை அடுப்பில் ஏற்றுவார். பெரிய பெரிய கடைகளின் அரிசியையே திருப்பி அனுப்பிய மூக்கு. காதர் பாய்க்கும் நல்ல அரிசி வேண்டும், எங்களுக்கும் நல்ல மூக்கு வேண்டும். ஆகவே, பாஸானால் கல்யாணத்துக்கு இவர் அரிசி, வயலும் தப்பும். பெயிலானால் மறுநாளே புரோமோட்டர் அளவு டேப்போடு வயலுக்கு வருவார். பெரியத்தான் அதையும் பேசி முடித்திருந்தார்.

மாஸ்டர் முந்தின நாளே வந்து காதர் பாய் வீட்டில் இறங்கினார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

இது சாரல் சீசன். சீசனில் தென்காசிக்கு விருந்தாளி வந்தால், வந்தவரை முதலில் உட்கார வைக்க மாட்டோம். குற்றாலத்துக்குக் கொண்டுபோய் நனைப்போம். அது மரியாதை. நனையாமல் அனுப்பினால் ஊருக்கே அவமானம்.

"சீசன் நேரத்துல வந்துட்டு, அருவியில தலையக் காட்டாமப் போனா நாளைக்கு மேலப்பாளையத்துல என்னய என்ன சொல்லுவாவ?" என்றார் காதர் பாய். "சார், நீங்களும் வாங்க. தண்ணி என்னமா விழுது!"

இன்ஸ்பெக்டர் போனார். 'நான் இல்லாம நடுவர்கிட்ட ஏதாவது பேசிருவான்' என்று பெரியத்தானும் போனார். நான் மட்டும் என்ன யோக்கியம்? காதர் பாய் வீட்டம்மாவோடு பின் சீட்டில் உட்கார்ந்து நானும் போனேன். வார நாள், கூட்டம் இல்லை. மெயின் அருவியில் நின்றோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாஸ்டர் மறுபடியும் நின்றார். பிறகு ஐந்தருவி. பஜ்ஜி. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு' என்று பழைய குற்றாலம். ஈரத் தலையோடு, ஜன்னல் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, சாரல் காற்றில் வீடு திரும்பினோம்.

மறுநாள் காலை விழித்தபோது என் மூக்கில் யாரோ சிமென்ட் பூசி வைத்திருந்தார்கள்.

இங்கே வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குற்றாலத் தண்ணீரில் குளித்தால் சளி பிடிக்காது. மூலிகைத் தண்ணீர். இது எங்கள் ஊர்க்காரர்களின் அசையாத நம்பிக்கை. சளி பிடித்தால்? பிடிக்கவில்லை என்று அர்த்தம். மூக்கு ஒழுகினால் தூசி. தும்மினால் மிளகாய் வறுக்கிறார்கள். குரல் கட்டினால் பஜ்ஜி எண்ணெய் சரியில்லை. அருவி மேல் மட்டும் யாரும் பழி போட மாட்டோம். போட்டுவிட்டு இந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது?

ஆக, அணிவகுப்புக்குக் கூடிய பெரிய மனிதர்களின் நிலைமையை நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். காதர் பாய் கண்கள் சிவந்திருந்தன. பெரியத்தான் கைக்குட்டையை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வாயைத் திறந்துகொண்டு மூச்சு விட்டார். இன்ஸ்பெக்டரின் 'வாங்க, வாங்க' கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சளி என்று யாராவது வாயைத் திறந்தார்களா?

நான்தான் இரண்டு அரிசியையும் தனித்தனியாகப் பொங்கினேன். எது எந்தத் தட்டு என்று எனக்கும் இவருக்கும் மட்டும் தெரியும். இவர் இலையை விலக்கினார். ஆவி எழுந்தது. நான் எட்ட நின்று ஆசை ஆசையாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. வயல் வரப்பில் என்னை அழ வைத்த வாசம், எனக்கு நாலடி தூரத்தில் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மாஸ்டர் முதல் தட்டின் மேல் குனிந்தார். கண்ணை மூடினார். 'சர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம். தலையை ஆட்டினார்.

இரண்டாவது தட்டு. மறுபடியும் 'சர்ர்ர்ர்'.

"எப்படி மாஸ்டர்?" என்றார் காதர் பாய்.

"அவசரப்படாதிய பாய். வாசம் உள்ள போயி உக்காரணும்."

உட்காருவதற்கு உள்ளே இடம் எங்கே? காதர் பாய் தானும் குனிந்து மோந்தார். "ரொப்ப அருபை" என்றார். எது என்று கேட்டதற்கு, ரெண்டுமே என்றார். பெரியத்தான் குனிந்தார், முன்னெச்சரிக்கையாக இரண்டையும் பாராட்டாமல் நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டர், தன் அரிசி எது என்று தெரிந்தவர், அந்தத் தட்டைப் பார்த்து மட்டும் 'ஆஹா' என்று சொல்லிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வாசனையைப் பற்றி வெகு நேரம் பேச்சு நடந்தது. பழைய அரிசி எப்படி மணக்கும், புது அரிசி எப்படி மணக்கும், துபாயில் கிடைக்கிற அரிசி ஏன் மணக்கவில்லை... மூக்கே இல்லாத ஒரு சபையில் மணத்தைப் பற்றி அவ்வளவு ஆழமான பேச்சை நான் கேட்டதில்லை.

அப்போது பக்கத்து வீட்டுச் செல்வி காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"எக்கா! ஒங்க வீட்ல என்ன கருகுது? தெருவே நாறுது! ஆளு இருக்கியளா, இல்லியளா?"

சமையலறைக்கு ஓடினேன். மத்தியானத்துக்கு வைத்த பருப்பு. அது பருப்பாக இருந்து வெகு நேரம் ஆகியிருந்தது. பாத்திரத்தின் அடி கரியாகி, புகை ஜன்னல் வழியே போய் மீன் அமில டிரம்மோடு கைகோத்துத் தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த மணநிபுணர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நான் கரிப் பாத்திரத்தோடு ஹாலுக்கு வந்தேன். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

"கவனம் பூரா அரிசியில இருந்துச்சு" என்றார் மாஸ்டர்.

"எனக்கு அப்பவே லேசா வந்துச்சு. விருந்தாளி இருக்கையில எப்படிச் சொல்லதுன்னு இருந்தேன்" என்றார் பெரியத்தான்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பாவம், அவரும் என்ன செய்வார்? மூக்கு அவருடைய பிழைப்பு. அடைத்திருக்கிறது என்று வெளியே தெரிந்தால், ஊர் ஊராகக் கல்யாணக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? தீர்ப்புச் சொன்னார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார். ஒரே நெல்லு. வித்தியாசம் ஒண்ணும் தெரியல."

பெரியத்தான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "கேட்டுக்கிட்டியாலே தம்பி? நாளைக்குக் காலையில வயலுக்கு வந்துரு."

எல்லோரும் போன பிறகு இவர் கொல்லைப்பக்கம் போனார். டிரம்மின் மூடியைத் திறந்து, கம்பால் கிண்ட ஆரம்பித்தார். தினமும் ஒரு தரம் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். நாளைக்கு வயலே போகப்போகிறது. இன்றைக்கு எதற்குக் கிண்டுகிறார்? எனக்கு நெஞ்சை அடைத்தது. மூக்கைப் போலவே.

"உங்களுக்கும் அடைச்சிருக்கு, மாஸ்டருக்கும் அடைச்சிருக்கு. டெஸ்டே செல்லாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

கிண்டுவதை நிறுத்தினார்.

"குத்தாலத்துல குளிச்சுச் சளி பிடிச்சிருச்சுன்னு என் வாயால சொல்லச் சொல்லுதியா? நான் தென்காசில பொறந்தவன்ட்டி."

"வயல் போகுதே!"

"போட்டும். சாட்சி பிறழ்ந்துட்டா கேஸ் நிக்காது." மறுபடியும் கிண்டினார்.

நான் உள்ளே வந்து யோசித்துப் பார்த்தேன். பெண் பார்க்கப் போகிறோம், இன்டர்வியூ எடுக்கிறோம், ஓட்டுப் போடுகிறோம், பக்கத்து வீட்டு மருமகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். அதில் எத்தனை தரம் நம் மூக்கு திறந்திருந்தது? அடைத்திருந்த நாளில்தான் நாம் அதிக நேரம் தலையை ஆட்டியிருப்போம் என்று தோன்றுகிறது. எனக்கு மூக்கு அடைத்திருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரே ஆள்தான் எந்தச் சபைக்கும் வருவதில்லை.

மறுநாள் காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வயலுக்குப் பக்கத்துத் தோப்பில் காவல் இருக்கிற இசக்கிமுத்து.

"சார், சீக்கிரம் வாங்க. ராத்திரி யானை எறங்கிட்டு. ஷெட்டு செவுரத் தள்ளிட்டு."

காதர் பாய் தன் காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்த மாஸ்டரும் கூட வந்தார். நாங்கள் போனபோது பெரியத்தானும் புரோமோட்டரும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். புரோமோட்டர் கையில் டேப். வரப்பில் அவர் முந்தின நாள் சாயங்காலமே ஊன்றி வைத்திருந்த கலர் கொடிகள் பாதி சேற்றில் அமுங்கிக் கிடந்தன. மீதிக் கொடிகளில் ஒன்றின் மேல் யானை தன் அபிப்பிராயத்தைக் குவியலாக விட்டுப் போயிருந்தது.

ஷெட்டுக்குள் இன்ஸ்பெக்டர் முதலில் நுழைந்தார். "யாரும் எதையும் தொடாதிய" என்றார். அவருக்கு வயது குறைந்துவிட்டது.

ஷெட்டில் முன்வரிசை பூராவும் பெரியத்தான் மூட்டைகள். எங்கள் மூட்டைகள் பின்னால், உள் மூலையில். யானை சுவரைத் தள்ளி உள்ளே துதிக்கையை விட்டிருக்கிறது. பெரியத்தான் மூட்டையில் ஒன்றை இழுத்துக் கிழித்திருக்கிறது. நெல் சிதறிக் கிடந்தது, தின்ற அடையாளம் இல்லை. அப்புறம் மற்ற மூட்டைகளை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக ஒதுக்கி வெளியே வைத்திருக்கிறது. வழி உண்டாக்கிக்கொண்டு, பின்வரிசையை எட்டியிருக்கிறது. துதிக்கை எட்டிய இடத்தில் கிழிந்த சாக்குகள் மட்டும் கிடந்தன. ஒரு மணி நெல் இல்லை. சாக்கைக்கூட நக்கியிருந்தது. எட்டாத மூலையில் இருந்த சில மூட்டைகள் மட்டும் தப்பியிருந்தன.

"பசிச்ச யானைக்கு என்னத்தத் தெரியும்?" என்றார் பெரியத்தான்.

இன்ஸ்பெக்டர் தரையில் குந்தி உட்கார்ந்திருந்தார். "அண்ணே, பசிச்சா முன்னால இருக்கதத்தான மொதல்ல திங்கும்? இது கிழிச்சுப் பாத்திருக்கு. மோந்திருக்கு. வேண்டாம்னு வச்சிருக்கு."

நியாயமாகச் சொல்ல வேண்டும், இது அறிவியல் நிரூபணம் இல்லை. பெரியத்தான் மூட்டைகளுக்கு வண்டு விழாமல் மருந்து தூவியிருந்தார், அந்த நெடி யானைக்குப் பிடிக்காமல் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கும் இவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மாஸ்டர் மெதுவாக உள்ளே வந்தார். முந்தின இரவு காதர் பாய் வீட்டம்மாவிடம் நொச்சி இலை கேட்டு வாங்கி ஆவி பிடித்தாராம். 'முகம் பளபளப்பா இருக்கும்மா, அதுக்குத்தான்' என்று சொன்னாராம். தப்பிப் பிழைத்த எங்கள் மூட்டை ஒன்றிலிருந்து ஒரு கை நெல் அள்ளினார். உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார். உமியை ஊதினார். மூக்கருகே கொண்டுபோனார்.

இந்தத் தடவை 'சர்ர்' சத்தம் வரவில்லை. மூச்சு நிதானமாக உள்ளே போனது. அவர் கண்ணைத் திறக்க நேரமானது.

"யா அல்லாஹ்..." என்றார். பிறகு பெரியத்தான் நெல்லை எடுத்துத் தேய்த்து மோந்தார். கீழே போட்டார். இவரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "சார், மன்னிச்சிருங்க. நேத்து எனக்கு மூக்கு அடைச்சிருந்துச்சு."



"எனக்கும்" என்றார் காதர் பாய்.

"எனக்கும்தாங்க" என்றேன் நான்.

பெரியத்தான் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "எனக்கும் லேசா" என்றார்.

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம்.

"எனக்கு ஒண்ணும் இல்லயே" என்று சொல்லி முடிப்பதற்குள் ஷெட்டின் மீதிச் சுவரும் விழுகிற மாதிரி ஒரு தும்மல். "நெல்லு தூசி" என்றார்.

வெளியே புரோமோட்டர் இசக்கிமுத்துவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இது அடிக்கடி வருமாப்பா?"

"சேச்சே, எப்பவாவது ஒரு தரம்" என்று பெரியத்தான் ஓடினார்.

"என்ன அண்ணாச்சி, போன மாசம்கூட வந்துச்சுல்லா?" என்றார் இசக்கிமுத்து, வெள்ளந்தியாக. "இது அதுக்குப் பழகுன பாதை சார். குட்டியயும் கூட்டிட்டு வரும்."

புரோமோட்டர் டேப்பைச் சுருட்டினார். யாருடைய உதவியும் இல்லாமல், மீதிக் கொடிகளைத் தானே பிடுங்கிக்கொண்டார். அபிப்பிராயம் விழுந்த கொடியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

எங்களுக்கு மிஞ்சிய மூட்டைகள் காதர் பாய் மகள் கல்யாணத்துக்குப் போதும், விதை நெல்லுக்கும் தேறும். மாஸ்டர் வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியத்தான் அதற்கப்புறம் பிளாட் பேச்சை எடுக்கவில்லை. நேற்று வந்தபோது, கொல்லைப்பக்கம் பார்வையைத் திருப்பாமலேயே, "அந்த மீன் தண்ணி ஒரு கேன் கிடைக்குமாலே?" என்று கேட்டார். இவர் எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டிரம் இன்னும் என் ஜன்னலுக்குக் கீழேதான் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு வயலுக்கு வந்த வனக் காவலர் மட்டும்தான் குழம்பிப் போனார். சேதத்துக்கு ஒரு புகார் எழுதிக் கொடுங்கள் என்று இவரிடம் கேட்டார். சர்வீஸ் முழுக்க யார் வந்தாலும் புகார் வாங்கிய மனிதர், மாட்டேன் என்று கையை விரித்துவிட்டார்.

"சாட்சி மேலயே எவனாவது கேஸ் குடுப்பானாய்யா?"

எனக்கு இன்னும் சளி விடவில்லை — ஆனால் இதை நான் சொன்னதாகத் தென்காசியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.